பக்கத்தில் உட்காருபவருக்குக் கூலி எங்கே?

காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06-இல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பெருமையாகச் சொல்கிறோம். கோர்வைச் சேலை நெய்வதைப் பார்த்திருக்கீங்களா? உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். தறியில் மூணு நாடா ஓடணும். ஒருத்தரால் முடியாது, பக்கத்தில் இன்னொருத்தர் உட்கார்ந்து ஒரு கரையின் நாடாவைத் தள்ளணும். முன்பெல்லாம் அது வீட்டுப் பிள்ளைகளின் வேலை. இப்போ பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். அதுதான் சரி!

எங்க பெரியப்பாவும் நெசவாளர்தான். அண்ணன் ஒரகடத்துக்கு ஷிப்டு வேலைக்குப் போறாரு. "பரம்பரைத் தொழிலை விட்டுட்டானே" என்று சொந்தக்காரங்க குறை சொல்றாங்க. பெரியப்பாவுக்கு வர்ற ஒரே கூலியில் உதவியாளுக்கும் கொடுக்கணும். அப்புறம் அண்ணனுக்கு என்ன மிஞ்சும்?

எனக்கும் கோர்வைக் கரை ரொம்பப் பிடிக்கும். ஆனால் ஆகஸ்ட் 7 கைத்தறி தினத்தில் பாரம்பரியம் பற்றிப் பேசுறவங்க, பக்கத்தில் உட்காருபவருக்குத் தனிக் கூலி எவ்வளவு என்றும் பேசணும். கல்யாணப் பட்டு எடுக்கப் போகும் நாமும் கடையில் கேட்கலாமே!

- 9-ஆம் வகுப்பு மாணவி