தொடர்ந்து வருகிறவர்கள்



போன மாதம் வந்த கடிதங்களில் ஒன்றுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். அது நீண்டுகொண்டே போய், இந்தப் பக்கம் முழுவதையும் கேட்டு வாங்கிக்கொண்டது. எழுதியவர் தெற்கிலிருந்து ஒரு தங்கை. அவருடைய அம்மாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை. அப்பா தவறியதிலிருந்து அம்மா சரியாகத் தூங்குவதில்லை, சாப்பாட்டில் நாட்டமில்லை, யார் வந்தாலும் உள்ளே போய்ப் படுத்துக்கொள்கிறார். மாத்திரை வாங்கப் போன இடத்தில் டாக்டர், "ஒரு ஆராய்ச்சி நடக்குதும்மா, சேர்ந்துக்கிறீங்களா?" என்று கேட்டுச் சில பக்கத் தாள்களைக் கையில் கொடுத்திருக்கிறார். வீட்டில் அன்று இரவே பஞ்சாயத்து. "அம்மாவை சோதனை எலி ஆக்கப் பார்க்கறாங்க" என்கிறார் அண்ணன். "சேர்ந்தா நம்மளை நல்லா கவனிச்சுப்பாங்க" என்கிறார் அம்மா. யார் சொல்வது சரி என்று தங்கை கேட்டிருக்கிறார்.

அண்ணனின் பயத்தைச் சிரித்துத் தள்ள நான் தயாராக இல்லை. இந்த நாட்டில் அந்தப் பயத்துக்கு வரலாறு உண்டு. ஆனால் இந்த இதழ் சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, மனச்சோர்வு, மனச்சிதைவு என்று வருடக்கணக்கில் கூடவே இருக்கும் நோய்களைப் பற்றியது. இந்த நோய்களில் இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி, யாரோ ஒருவருடைய அம்மா அப்படி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டதால் தெரிந்தது. காய்ச்சல் மருந்து வேலை செய்கிறதா என்று ஒரு வாரத்தில் சொல்லிவிடலாம். நெடுநாள் நோய்க்கு அப்படி முடியாது. மூன்று வருடம், பத்து வருடம் ஆட்கள் திரும்பத் திரும்ப வந்து இரத்தம் கொடுத்து, கேட்ட கேள்விக்கே மறுபடி பதில் சொல்ல வேண்டும்.

சென்னைக்காரர்கள் பலருக்கே தெரியாத ஒரு கதையை இங்கே சொல்லிவிடுகிறேன். 1950களில் காசநோய் ஒரு நெடுநாள் நோய். வந்தால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, பூரண ஓய்வு. தாம்பரத்துக்கு முந்தைய ரயில் நிலையத்தின் பெயரில் 'சானடோரியம்' என்று அந்தக் காலம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நோயாளிகளோ லட்சக்கணக்கில், படுக்கைகள் சொற்பம். 1952இல் ஐசோனியாசிட் மருந்து வந்துவிட்டது. அதை வீட்டிலிருந்தபடியே சாப்பிட்டால் போதாதா என்ற கேள்வி எழுந்தது. பெரிய பெரிய டாக்டர்களே தலையை ஆட்டினார்கள். குடிசையில் ஏழு பேரோடு படுத்துறங்கும் ஆளுக்கு மருந்து மட்டும் என்ன செய்துவிடும்?

1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.), சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து சென்னையில் ஒரு மையத்தைத் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் தலைமை. சென்னையின் ஏழை மக்களிடையே இருந்து 193 நோயாளிகள். யார் சானடோரியத்துக்கு, யார் வீட்டுக்கு என்பதை டாக்டரும் முடிவு செய்யவில்லை, நோயாளியும் முடிவு செய்யவில்லை. சீட்டுக் குலுக்கிப் போடுவது போன்ற முறை முடிவு செய்தது. மருந்து இரு சாராருக்கும் ஒன்றுதான்: ஐசோனியாசிடும் பி.ஏ.எஸ்.ஸும், ஒரு வருடம். வீட்டிலிருப்பவர் மருந்தை உண்மையாகச் சாப்பிடுகிறாரா என்று பார்க்க ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் நின்றார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள்.

முடிவு 1959இல் வெளியானது. வீட்டிலிருந்தவர்கள் சாப்பிட்டது குறைவு, ஓய்வும் குறைவு, இடமோ நெருக்கடி. இருந்தும் ஏறக்குறைய சானடோரியத்தில் இருந்தவர்கள் அளவுக்கே குணமானார்கள். கூட இருந்த பெண்டாட்டி பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளுமே என்பது அடுத்த சந்தேகம். ஐந்து வருடம் அந்தக் குடும்பங்களையும் விடாமல் கவனித்ததில், நோயாளி வீட்டிலேயே இருந்ததால் கூடுதல் ஆபத்து எதுவும் தென்படவில்லை. உலகெங்கும் சானடோரியங்களின் கதவு சாத்தப்படுவதற்கு இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம். சேத்துப்பட்டில் இருக்கும் அந்த மையம் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். வாலஸ் ஃபாக்ஸின் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. அந்த 193 பேரின் பெயர் எங்கும் இல்லை. இருக்கவும் கூடாது, அந்தரங்கம் என்று ஒன்று உண்டு. ஆனால் அவர்கள் பாதியில் வராமல் நின்றிருந்தால் ஃபாக்ஸின் கையில் வெறும் அட்டைகள்தான் மிஞ்சியிருக்கும்.

மனநோய்க்கு வருகிறேன். மனச்சிதைவு என்றாலே வாழ்க்கை முடிந்தது என்று நம்பிய காலத்தில், 1980களின் தொடக்கத்தில், சென்னையில் அந்த நோய் புதிதாகக் கண்ட 90 பேரை மருத்துவர்கள் பின்தொடர ஆரம்பித்தார்கள். மருத்துவர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனத்தில், மருத்துவர் ஆர். தாராவின் முயற்சியில் அந்த வேலை இருபது வருடங்களைத் தாண்டியும் தொடர்ந்தது. பத்தாவது வருட முடிவில் 76 பேரைத் தேடிப் பிடித்திருந்தார்கள். செல்போன் இல்லாத காலம். வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கும் குடும்பங்கள். மனநோய் என்பதை அக்கம்பக்கத்துக்குத் தெரியாமல் மறைக்கும் ஊர். அதில் 76 என்பது எனக்கு மருந்தின் வெற்றியைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

மருத்துவர்கள் கேட்டது காதில் குரல் கேட்கிறதா என்று மட்டும் இல்லை. வேலைக்குப் போகிறாரா, கல்யாணம் நடந்ததா, நடந்தது நிலைத்ததா என்றும் கேட்டார்கள். பத்து வருடக் கணக்கில் பெரும்பாலானோரிடம் நோயின் கடுமையான அறிகுறிகள் நீங்கியிருந்தன. அப்படியென்றால் 'இனி ஒன்றும் செய்ய முடியாது' என்று ஒரு தாய்க்குச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. இன்னொரு பக்கத்தையும் அதே நிறுவனம் எழுதி வைத்தது: நோய் வந்ததால் கணவன் கைவிட்ட பெண்கள், ஜீவனாம்சமும் இல்லாமல் பெற்றோர் வீட்டில் ஒதுங்கியவர்கள், 'எங்களுக்கப்புறம் இவளை யார் பார்ப்பா?' என்று வயதான பெற்றோர் படும் கவலை. ஆய்வு என்றால் சோதனைக் குழாய் என்று நினைப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

பின்னாளில் ஸ்கார்ஃப், கனடாவின் மான்ட்ரியல் நகர மருத்துவர்களோடு சேர்ந்து, முதன்முறை மனச்சிதைவு போன்ற நோய் கண்ட இளைஞர்களை இரண்டு ஊரிலும் இரண்டு வருடம் ஒரே மாதிரி கவனித்தது. சென்னையில் 168 பேர், மான்ட்ரியலில் 165 பேர். ஒதுங்கிப்போவது, எதிலும் ஆர்வமில்லாமல் கிடப்பது போன்ற அறிகுறிகள் சென்னையில்தான் அதிகம் தேறின. சிகிச்சையில் குடும்பத்தின் பங்கும் இங்கேதான் அதிகம். ஓபி வரிசையில் மகனுக்குப் பக்கத்தில் தூக்குவாளியோடு உட்கார்ந்திருக்கும் அம்மாவை இனிமேல் யாரும் இடைஞ்சலாக நினைக்க வேண்டாம்.

தங்கையின் அம்மாவுக்கு நெருக்கமான ஆய்வு ஒன்று உண்டு. சர்க்கரையும் மனச்சோர்வும் ஒரே உடம்பில் இருக்கும்போது ஒன்று மற்றொன்றைக் கெடுக்கும். மனம் சரியில்லாதவர் மாத்திரையை மறப்பார், நடக்கப் போகமாட்டார், சர்க்கரை ஏறும், ஏறினால் அலுப்பும் சலிப்பும் கூடும். ஆனால் நம் ஆஸ்பத்திரிகளில் சர்க்கரைக்கு ஒரு வாசல், மனதுக்கு வேறு வாசல். இரண்டாவது வாசலுக்குள் நுழையப் பலருக்கும் கூச்சம். 'இண்டிபெண்டென்ட்' என்ற ஆய்வு இதை எடுத்துக்கொண்டது. சென்னை, பெங்களூரு, விசாகப்பட்டினம், டெல்லி ஆகிய நான்கு ஊர்களின் சர்க்கரை கிளினிக்குகளில் 404 பேர். ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை. மறுபாதிக்குக் கூடுதலாக ஒரு ஒருங்கிணைப்பாளர். அவர் டாக்டர் இல்லை. அடிக்கடி பேசி, மாத்திரை சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா, மனசு எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார். சிக்கலான ஆட்களைப் பற்றிச் சர்க்கரை டாக்டரும் மனநல மருத்துவரும் அவரோடு கூடி ஆலோசிப்பார்கள். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தார்கள். மனச்சோர்வு பாதியாகவாவது குறைந்து, கூடவே சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றில் ஒன்றாவது நன்றாகத் தேறியவர்கள் கவனிப்புக் கிடைத்த பிரிவில் 71.6 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் 57.4. முடிவு 2020இல் வெளிவந்தது. இதற்காகப் புது மருந்து ஒன்றும் கண்டுபிடிக்கப்படவில்லை. விசாரிக்க ஒரு ஆள் இருந்தார், அவ்வளவுதான்.

வழக்கமான சிகிச்சை பெற்றவர்களையும் மறந்துவிடக் கூடாது. கூடுதல் கவனிப்பு தங்களுக்கு இல்லை என்று தெரிந்தும் இரண்டு வருடம் வந்து போனார்கள். ஒப்பிட அவர்கள் இல்லாவிட்டால் 71.6 என்ற எண்ணுக்கு அர்த்தமே கிடையாது.

அம்மாவின் எண்ணமும் முழுக்கச் சரி என்று சொல்ல முடியாதது இங்கேதான். ஆய்வில் சேர்ந்தால் கவனிப்பு கூடலாம். ஆனால் ஆய்வு நம்மைக் குணப்படுத்துவதற்காக நடப்பதில்லை, ஒரு கேள்விக்கு விடை தேடுவதற்காக நடக்கிறது. நமக்கு எந்தப் பிரிவு விழும் என்று முன்கூட்டித் தெரியாது. மருந்தே இல்லாத வெறும் மாத்திரை கூட விழலாம். இதைச் சொல்லாமல் ஆள் சேர்த்தால் அது ஏமாற்று.

அண்ணனுக்கும் சில விஷயம். எல்லா ஆய்விலும் மருந்து கொடுப்பதில்லை. 2001இல் சென்னையில் தொடங்கிய 'க்யூர்ஸ்' என்ற ஆய்வில் 26,001 பேர் சேர்ந்தார்கள். இரத்தம் எடுத்தார்கள், அளவெடுத்தார்கள், கேள்வி கேட்டார்கள். புதிய மருந்தைச் சோதிக்கும் ஆய்வுதான் கூடுதல் எச்சரிக்கை கேட்பது. அதில் இந்த நாட்டில் அநியாயங்கள் நடந்தன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2013இல் இழப்பீட்டு விதிகள் வந்தன. 2019இல் புதிய மருந்துகள், மருத்துவ ஆய்வுகளுக்கான விதிகள் முழுதாக வந்தன. இப்போது ஆய்வு நியாயமாக நடக்கிறதா என்று பார்க்கும் எத்திக்ஸ் கமிட்டியில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும். அதில் ஒரு பெண், சட்டம் தெரிந்த ஒருவர், டாக்டரும் விஞ்ஞானியும் அல்லாத ஒரு சாதாரண மனிதர் கட்டாயம். எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைக்கும்போது, ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி கூட இருக்க வேண்டும். ஆய்வினால் உடம்புக்குக் கெடுதல் வந்தால் வைத்தியச் செலவு நடத்துகிறவர்களுடையது. மனநோயாளியை ஆய்வில் சேர்க்க அவருடைய சம்மதம் வேண்டும் என்பதை 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் தனியாகவே சொல்லியிருக்கிறது. விதி இருப்பதும் விதிப்படி நடப்பதும் வேறு வேறு என்பது நமக்குத் தெரியாததில்லை. அதனால்தான் கேட்டு வாங்க வேண்டும்.

தங்கைக்கு எழுதிய பதிலின் சாரம் இது: தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து சாவகாசமாகப் படியுங்கள், 'இப்பவே போட்டுருங்க' என்று அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள். என்ன மருந்து, எத்தனை நாள், எத்தனை முறை ஊசி, பஸ் செலவை யார் தருவார்கள், நடுவில் விலகினால் வழக்கமான சிகிச்சை தொடருமா என்று கேளுங்கள். எந்த நாளும், காரணமே சொல்லாமலும் விலகலாம். அதற்காக வழக்கமான சிகிச்சையை நிறுத்த ஆய்வு நடத்துகிறவர்களுக்கு உரிமையில்லை. ஐ.சி.எம்.ஆரின் மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அந்த ஆய்வு பதிவாகியிருக்கிறதா, பதிவு எண் என்ன என்று கேளுங்கள். எண்ணைச் சொல்லத் தயங்குகிற இடத்தில் சேர வேண்டாம். முக்கியமாக, அம்மாவையே கேளுங்கள். உடம்பு அவருடையது.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஆட்களைச் சேர்க்கும்போது காட்டும் ஆர்வம், முடிவு வந்தபின் அவர்களுக்குச் சொல்வதில் இருப்பதில்லை. கட்டுரை வெளிநாட்டு இதழில் ஆங்கிலத்தில் வரும், மாநாட்டில் கைதட்டல் கிடைக்கும். மூன்று வருடம் வெறும் வயிற்றோடு காலை ஏழு மணிக்கு வந்து நின்றவருக்கு, 'உங்களால் இது தெரிய வந்தது' என்று தமிழில் ஒரு பக்கக் கடிதம் போகக் கூடாதா? பணம் அதிகம் ஆகாது. அக்கறை உள்ள சில இடங்கள் கூட்டம் போட்டுச் சொல்லத்தான் செய்கின்றன. மற்ற இடங்களில் ஓபி சீட்டைப் போல அந்த மனிதரும் கோப்புக்குள் போய்விடுகிறார்.

நம் பங்குக்கு இந்த இதழிலிருந்து ஒரு ஏற்பாடு. ஏதாவது ஒரு ஆய்வில் பங்கெடுத்தவர்கள் எழுதுங்கள்: ஏன் சேர்ந்தீர்கள், எது பிடித்தது, எங்கே மனம் நொந்தது, பாதியில் விலகினால் ஏன். ஆஸ்பத்திரி பெயரோ டாக்டர் பெயரோ வேண்டாம். உங்கள் பெயரையும் வெளியிடமாட்டோம். ஆய்வின் பதிவு எண் கையில் இருந்தால் அதை மட்டும் குறிப்பிடுங்கள். முடிவு வெளியாகியிருந்தால் தேடிப் படித்து, புரியும் தமிழில் எழுதி அனுப்புவது எங்கள் பொறுப்பு. இன்லேண்டு லெட்டர், வாட்ஸ்ஆப் குரல் பதிவு, எதுவானாலும் சரி. அடுத்த மாதம் பத்தாம் தேதிக்குள் வருபவை அடுத்த இதழுக்கு. அதற்குப் பின் வருபவையும் வீணாகாது.

அன்புடன்,
ஆசிரியர்