புது ஸ்விட்ச் வந்ததும் பழைய பிரின்டர் ஏன் முரண்டு பிடிக்கிறது?

லாரி புக்கிங் ஆபீஸிலும் மொத்த வியாபாரக் கடையிலும் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர் இன்னும் கரகரவென்று ஓடிக்கொண்டிருக்கிறது. கார்பன் வைத்து ஒரே நேரத்தில் மூன்று காப்பி பில் எடுக்க அதைவிட்டால் வேறு ஆள் கிடையாது. அதை நெட்வொர்க்கில் இணைக்கும் குட்டிப் பெட்டிக்கு பிரின்ட் சர்வர் என்று பெயர். பல ஆபீஸ்களில் அதற்கு வயது இருபதைத் தாண்டியிருக்கும்.

ஒருநாள் நெட்வொர்க் ஸ்விட்சை மாற்றுகிறார்கள். (சுவரில் இருக்கும் லைட் ஸ்விட்ச் அல்ல, எல்லா கம்ப்யூட்டர் கேபிள்களும் வந்து சேரும் பெட்டி.) கம்ப்யூட்டர்கள் பறக்கின்றன, பிரின்டர் மட்டும் கப்சிப். வாசலில் லோடு ஏற்றிய லாரி பில்லுக்காக நிற்கிறது. ‘‘அது பழசு சார், தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடுங்க’’ என்கிறார் மாட்ட வந்தவர். அவசரப்பட வேண்டாம். நேற்று வரை ஓடிய பிரின்டர் ஒரே இரவில் கெட்டுப்போவது அபூர்வம். பழைய பெட்டிக்கும் புதுப் பெட்டிக்கும் பேச்சு ஒத்துப்போகவில்லை என்பதுதான் பெரும்பாலும் விஷயம்.

முதலில், ஸ்விட்சில் அந்தக் கேபிள் செருகிய இடத்தில் இருக்கும் விளக்கைப் பாருங்கள். எரியவே இல்லையா? கேபிள் நன்றாக இருந்தால், அடுத்த சந்தேகம் வேகத்தின் மேல். 1990-ல் வந்த ஈத்தர்நெட் தரம் நொடிக்கு 10 மெகாபிட் வேகம் கொண்டது. 1995-ல் அது 100 ஆனது, 1999-ல் 1,000. 2016-ல் 2,500, 5,000 என்ற வேகங்களும் வந்து சேர்ந்தன. சாதாரண கிகாபிட் ஸ்விட்ச் பெரும்பாலும் 10, 100, 1,000 மூன்றையும் பேசும். அதைவிட வேகமான போர்ட் கொண்ட பல புது மாடல்கள் 10-ஐக் கைகழுவிவிட்டன. பழைய பெட்டிக்கோ 10-ஐத் தவிர வேறு பாஷை தெரியாது!

இதற்கு வைத்தியம் பரணிலேயே இருக்கலாம். கழற்றிப் போட்ட பழைய ஸ்விட்சைப் புதிய ஸ்விட்சுக்கும் பிரின்ட் சர்வருக்கும் நடுவில் மாட்டினால், அது இரண்டு பக்கமும் பேசும் துபாஷியாக வேலை செய்யும். கம்ப்யூட்டர்களின் வேகம் குறையாது. பில் அடிக்க 10 மெகாபிட் தாராளம்.

விளக்கு எரிகிறது, ஆனால் ஒரு பக்கம் வர ஒரு யுகம் ஆகிறது என்றால் அது வேறு கதை. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இணைப்பைச் சோதிக்கும் ‘பிங்’ கொடுத்தால் பதில் வரும், எல்லாம் சரி என்று தோன்றும். என்றோ யாரோ பழைய பெட்டியை ‘100, ஃபுல் டூப்ளெக்ஸ்’ என்று நிலையாக அமைத்திருப்பார்கள். அதாவது போன் போல, இரு பக்கமும் ஒரே நேரத்தில் பேசலாம். புது ஸ்விட்ச் ‘ஆட்டோ’வில் இருக்கும். எதிர்ப்பக்கம் பேரம் பேச வராதபோது, ஸ்விட்சால் வேகத்தை மட்டுமே கண்டுபிடிக்க முடியும். மற்றதற்கு, விதிப்படி ‘ஹாஃப் டூப்ளெக்ஸ்’ என்று வைத்துக்கொள்ளும். வாக்கி டாக்கி போல ஒருவர் முடித்த பிறகே மற்றவர். ஒருவர் போனில், மற்றவர் வாக்கி டாக்கியில் என்றால் பேச்சு எப்படி நடக்கும்? தகவல்கள் மோதி, திரும்பத் திரும்ப அனுப்பப்படுகின்றன. செட்டிங்ஸ் பக்கம் உள்ள ஸ்விட்ச் என்றால் அந்த போர்ட்டில் ‘லேட் கொலிஷன்’ எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். பழைய பெட்டியையும் ‘ஆட்டோ’வுக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நிலையாக அமைக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் என்பது கூடவே கூடாது.

காலையில் ஆன் செய்தால் வராது, கேபிளைப் பிடுங்காமல் பிரின்ட் சர்வரை மட்டும் ரீசெட் செய்தால் வரும் என்பது இன்னொரு ரகம். தகவல் வட்டமடித்துச் சுற்றாமல் தடுக்க, ரேடியா பெர்ல்மன் 1985-ல் உருவாக்கிய ‘ஸ்பானிங் ட்ரீ’ என்ற ஏற்பாடு பெரிய ஸ்விட்சுகளில் உண்டு. அதன் பழைய வடிவத்தில், கேபிள் உயிர்பெற்றதும் சுமார் 30 நொடிகள் வழிவிடாது. பொறுமையில்லாத பழைய பெட்டி அதற்குள் முகவரி கேட்டு, கிடைக்காமல் ஓய்ந்துவிடும். அந்த போர்ட்டுக்கு மட்டும் ‘போர்ட்ஃபாஸ்ட்’ அல்லது ‘எட்ஜ் போர்ட்’ என்ற வசதியை இயக்கினால் போதும்.

ஸ்விட்சோடு கம்ப்யூட்டரையும் மாற்றிய ஆபீஸில், பழைய காப்பியரில் ஸ்கேன் செய்த பக்கம் ஃபோல்டருக்கு வராமல் போனால், ஸ்விட்சின் மேல் பழி போடாதீர்கள். பழைய காப்பியர்கள் பேசும் எஸ்எம்பி-1 முறையை விண்டோஸ் 2017-க்குப் பிறகு பொதுவாக அணைத்தே வைக்கிறது. அந்த ஆண்டு மே மாதம், அந்த முறையில் இருந்த ஓட்டை வழியாகத்தான் வான்னாக்ரை வைரஸ் பரவி, பிரிட்டன் அரசு மருத்துவமனைகளைக்கூட முடக்கியது. ஒரு காப்பியருக்காக அந்தக் கதவைத் திறந்துவிடச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். காப்பியரின் மெனுவில் எஃப்டிபி, மெயில், பென் டிரைவ் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள்.