எஞ்சினியர் வேலையை விட்டு நர்ஸாகப் போனால் என்ன கெட்டுப்போகிறது?



பெரட்டுக் களத்திலும் கொழுந்து மடுவத்திலும் ஒரு கேலிப் பேச்சு அடிபடுகிறது. "எஞ்சினியருக்குப் படிக்க வச்சாங்களாம், கடைசியில புள்ள நர்ஸுக்குப் போகுதாம்." பொறியியல் டிப்ளோமா முடித்து, அந்த வேலையை விட்டுத் தாதியர் பயிற்சிக்குப் போகும் பிள்ளைகளைப் பற்றிய பேச்சு இது. பேசுகிறவர்கள் வெளியாட்கள் அல்ல, நம் லயத்துக்காரர்கள்தான். அதனால்தான் பதில் எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் இந்த "எஞ்சினியர்" கதையைப் பார்ப்போம். உயர்தரத்தில் கணிதப் பிரிவு எடுக்கும் பிள்ளை மொரட்டுவை, பேராதனை என்று கனவு காண்கிறது. வெட்டுப்புள்ளி எட்டாவிட்டால் கொழும்பில் காசு கட்டிப் படிக்கும் டிப்ளோமா. அதற்காக அம்மாவின் தோடு அடகுக்குப் போகிறது, அப்பாவின் சேமலாப நிதி கரைகிறது. படித்து முடித்தால் கட்டட வேலைத்தளத்தில் சூப்பர்வைசர் வேலை. 2022இல் நாடு வங்குரோத்தானபோது கட்டட வேலைகள் படுத்துவிட்டன. சீமெந்து விலை ஏறியது, வேலைத்தளங்கள் மூடின, பிள்ளைகள் பையோடு வீட்டுக்கு வந்தார்கள். அவர்களை "எஞ்சினியர்" என்று பெருமையாகக் கூப்பிட்டவர்கள் யாரும் அந்த மாதக் கடன் தவணையைக் கட்டவில்லை.

எஞ்சினியர் வேலை கெட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. ஸ்டோரில் ரோலர் ஓடும்வரை மெஷின் தெரிந்தவர் வேண்டும், பிடித்தவர்கள் அதைப் படிக்கட்டும். நாங்கள் கேட்பது இதுதான்: அதை விட்டு நர்ஸாவது எப்படி இறக்கம் ஆகும்?

"கழுவித் துடைக்கிற வேலை" என்கிறார்கள். நோயாளியைக் கழுவித் துடைப்பதும் அந்த வேலையில் உண்டு. அட்டைக் கடியோடும் ஈரச் சாக்கோடும் மலை ஏறி இறங்கி வயிறு கழுவுகிற நாம் அதைக் கேவலம் என்று சொல்லலாமா? துரைமார் நம்மைப் பார்த்த பார்வையை நம் பிள்ளைகள் மேல் நாமே திருப்புவதா?

மிச்ச வேலை என்னவென்று தெரியாமல்தான் பலர் பேசுகிறார்கள். 1000 மில்லிலீற்றர் சேலைனை 8 மணித்தியாலத்தில் ஏற்ற வேண்டும், அந்தக் குழாயில் 20 துளி சேர்ந்தால் ஒரு மில்லிலீற்றர் என்றால், நிமிடத்துக்கு 42 துளி விழ வேண்டும். வேகம் கூடினால் இருதய நோயாளிக்கு நுரையீரலில் நீர் கோத்துவிடும். குழந்தைக்கு மருந்து அளப்பது இதைவிட நுணுக்கம். மூச்சு மெஷின், பம்ப், மொனிட்டர் எல்லாவற்றையும் வாசித்துப் புரிந்துகொள்ள வேண்டும். கணிதம் படித்த பிள்ளை படித்ததைக் குப்பையில் போடவில்லை, வார்டுக்குக் கொண்டுபோகிறது.

நம் மலையில் குளவி கொட்டாத வருடம் உண்டா? கொட்டினால் சிலருக்கு உடம்பு தடித்து, தொண்டை அடைத்து, இரத்த அழுத்தம் விழுந்துவிடும். தொடையில் போட வேண்டிய அட்ரினலின் ஊசிக்கு நிமிடக் கணக்குத்தான். கொழுந்து லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகு, "நெஞ்ச அடைக்குது, கிறுகிறுன்னு வருது" என்று அந்த அம்மா சொல்வதை யார் விளங்கிக்கொள்வது? 1987இல் 13ஆவது திருத்தத்தில் தமிழும் அரசகரும மொழி என்று எழுதினார்கள். வார்டில் அந்த மொழியைப் பேச ஆள் வேண்டாமா? சைகை காட்டி வியாதி சொல்லி, விளங்காத துண்டோடு வீடு திரும்புகிறவர்கள் நம்மவர்கள். அந்த வார்டில் நம் வீட்டுப் பிள்ளை ஒன்று நிற்பது எந்தச் சட்டத் திருத்தத்தைவிடவும் பெரிய உதவி. சிங்கள நோயாளியையும் அது அதே கையால்தான் பார்க்கும், அதிலும் நமக்குப் பெருமைதான்.

வருமானத்தையும் சொல்லிவிடுவோம். நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய்க்குப் பல வருடம் போராடி 2021இல்தான் அதைத் தொட்டோம். அரசாங்கத் தாதியர் பயிற்சி 3 வருடம், அந்தக் காலத்திலேயே கொடுப்பனவு உண்டு. முடித்தால் மாதச் சம்பளம், பிறகு ஓய்வூதியம். பேர் குறைந்த நாளில் அரை நாள் பேர் என்று வெட்டுகிற கணக்குப்பிள்ளை அங்கே இல்லை. ராத்திரி வேலை உண்டு, கால் வீங்க நிற்க வேண்டும், ஆள் பற்றாக்குறை உண்டு. 2022க்குப் பிறகு நர்ஸ்மார் பலர் வெளிநாடு போய்விட்டதால் மிஞ்சியவர்கள் முதுகில் சுமை கூடியிருக்கிறது. இதை மறைத்து யாரையும் அனுப்ப நாங்கள் விரும்பவில்லை.

எங்கள் கோபம் லயத்துப் பேச்சோடு நிற்கவில்லை. தேர்தல் வந்தால் ஆஸ்பத்திரிச் சிற்றூழியர் நியமனம், காவலாளி நியமனம் என்று பட்டியல் கேட்டு வருகிறார்களே, அந்த அரசியல்வாதிகளைக் கேட்கிறோம்: நம் பிள்ளைக்கு ட்ரொலி தள்ளும் வேலை மட்டும்தான் தெரியுமா? தாதியர் பயிற்சிக்கு உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடங்கள் வேண்டும். அந்தப் பாடங்களை நடத்த எத்தனை தோட்டப் பாடசாலைகளில் ஆசிரியர் இருக்கிறார், ஆய்வுகூடம் இருக்கிறது? ஹட்டனுக்கும் பதுளைக்கும் பஸ் ஏறிப் போக முடிந்த பிள்ளைதான் படிக்கிறது, மற்றது கொழும்புக் கடைக்குப் போகிறது. பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி வந்த பிறகு நம் தோட்டங்களிலிருந்து எத்தனை ஆசிரியர்கள் உருவானார்கள் என்பதைக் கண்ணால் கண்டோம். தாதியருக்கும் அப்படி ஒரு வழி திறக்கச் சொல்லிக் கேட்பது பிச்சை அல்ல.

பிள்ளைகளுக்கு ஒரு எச்சரிக்கை. "ஆறு மாதத்தில் நர்ஸ்" என்று பத்திரிகையில் விளம்பரம் போடும் இடங்களில் காசைக் கட்டாதீர்கள். அந்தச் சான்றிதழால் தாதியாகப் பதிவு கிடைக்குமா என்று எழுத்தில் கேளுங்கள், எழுதித் தராவிட்டால் திரும்பி வாருங்கள். அரசாங்கப் பயிற்சிக்கு வர்த்தமானியில்தான் அழைப்பு வரும். கணிதப் பிரிவில் படித்தவர்களையும் அதில் சேர்த்திருக்கிறார்கள், எனவே நமக்கில்லை என்று நீங்களே முடிவு கட்டிவிட வேண்டாம். பாட நிபந்தனை, வயதெல்லை, கடைசித் திகதி மூன்றையும் வரிக்கு வரி வாசியுங்கள். விண்ணப்பம் நிரப்பத் தடுமாறினால் பெறுபேற்றுச் சீட்டையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு கிளைத் தலைவரிடம் வாருங்கள், ஞாயிற்றுக்கிழமையானாலும் வாருங்கள்.