"ஜிஎச்ல ஒரு புள்ள பாத்துக் குடுங்க" என்று கேட்பவர்களுக்கு

கொஞ்சம் நீளமான இழை. குழந்தைக்காகக் காத்திருப்பவர்களும் அவர்களுடைய சொந்தக்காரர்களும் முழுசா வாசிங்க. குறிப்பா சொந்தக்காரர்கள்.

போன வாரம் ஓபி முடியும் நேரம். புதூர் பக்கத்துக் கிராமத்துப் பெரியம்மா ஒருவர், சுகருக்கு மாசாமாசம் வருபவர். மாத்திரை வாங்கியாச்சு, ஆனால் நகரவில்லை. கூட்டம் கலையட்டும் என்று பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"டாக்டரய்யா, எந் தங்கச்சி மகன் அமெரிக்காவுல இருக்கான். கல்யாணமாகிப் பதினோரு வருசமாச்சு, புள்ள இல்ல. தத்தெடுக்கோம்னு புருசனும் பொண்டாட்டியும் ரெண்டு வருசமா காயிதம் எழுதிக்கிட்டே கெடக்காக. நம்ம ஆசுபத்திரியில வேண்டாம்னு விட்டுட்டுப் போற புள்ள இருக்கும்லா? பேரை மட்டும் இவ பெத்ததா எழுதிக் குடுத்துட்டீங்கன்னா தூக்கிட்டுப் போயிருவாக. செலவுக்குக் கொறை வைக்க மாட்டான்."

அவர் கெட்டவர் இல்லை. தங்கச்சி மகன் வீட்டில் தொட்டில் ஆடணும் என்று நினைக்கிற மனுஷி. அதனால்தான் இதை எழுதுகிறேன். கெட்டவர்கள் கேட்டால் போலீசைக் கூப்பிட்டுவிடலாம். நல்லவர்கள் கேட்கும்போதுதான் கஷ்டம். பணியில் சேர்ந்த இத்தனை வருடத்தில் இதே கேள்வியை வெவ்வேறு வாயிலிருந்து கேட்டுவிட்டேன். வாத்தியார் கேட்டிருக்கிறார், கட்சிக்காரர் கேட்டிருக்கிறார், என் சொந்த மாமா கேட்டிருக்கிறார்.

"பேரை மட்டும்" என்பது என்ன தெரியுமா?

ஒரு பெண் கர்ப்பமானதும் கிராம சுகாதார செவிலியர் பதிவு செய்து 12 இலக்க எண் கொடுப்பார். ஊரில் பிக்மி நம்பர் என்பார்கள். ஸ்கேன், ஊசி, பிரசவம், பிறப்புச் சான்றிதழ் எல்லாம் அந்த எண்ணோடு போகும். நீங்கள் கேட்பது, பெற்றவளை அந்த வரிசையிலிருந்து அழித்துவிட்டு, பெறாதவளை அங்கே உட்கார வைக்கச் சொல்வது. பெற்றவள் இந்த உலகத்தில் இல்லவே இல்லை என்று அரசு முத்திரையோடு நான் எழுதித் தரவேண்டும்.

இதற்குப் பணமும் கைமாறினால் சட்டத்தில் அதற்குப் பேர் குழந்தை விற்பனை. சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 81. விற்றவருக்கு மட்டுமில்லை, வாங்கியவருக்கும் ஐந்து வருடம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் அபராதம். ஆஸ்பத்திரி ஆட்கள் செய்தால் குறைந்தது மூன்று, அதிகபட்சம் ஏழு வருடம். "செலவுக்குக் கொறை வைக்க மாட்டான்" என்று பெரியம்மா சொன்னது இந்தப் பிரிவைத்தான். அவருக்குத் தெரியாது.

நம்பரை வாங்கி அந்தத் தம்பியிடமே பேசினேன். (அவரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.) எனக்கு ஆச்சரியம். பெரியம்மா இப்படிக் கேட்டது அவருக்குத் தெரியவே தெரியாது. தெரிந்ததும் சங்கடப்பட்டார், மன்னிப்புக் கேட்டார். பிறகு ஒரு மணி நேரம் பேசினோம்.

அந்தத் தம்பதி அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர்கள். அதனால் இங்கே வந்து நேரடியாகத் தத்தெடுக்க முடியாது. அங்கே அனுமதி பெற்ற ஏஜென்சி மூலம்தான் நம் நாட்டு மத்திய தத்தெடுப்பு ஆணையமான 'காரா'வில் பதிய வேண்டும். அதற்கு முன்னால் ஒரு சமூகப் பணியாளர் அவர்கள் வீட்டுக்கே வந்து விசாரிக்கிறார். சம்பளம், கடன், உடம்பு, கைரேகை, போலீஸ் ரெக்கார்டு, நண்பர்களின் சாட்சிக் கடிதம். வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்றுகூட கேட்டாராம். "கோவில்பட்டிக்காரன் வீட்டுல கடலை மிட்டாய்தான் இருக்கும்னு சொன்னேன் சார், அந்தம்மாவுக்குப் புரியல" என்று சிரித்தார்.

மற்ற கேள்விகளுக்குச் சிரிக்க முடியாது. நீங்கள் ரெண்டு பேரும் எதுக்காகச் சண்டை போடுவீர்கள்? சண்டை எப்படி முடியும்? நாளைக்கு ரெண்டு பேரும் செத்துப்போனால் இந்தப் பிள்ளையை யார் வளர்ப்பது? பிள்ளை ஆறு மாசம் உங்களை அம்மா என்று கூப்பிடவில்லை என்றால் என்ன செய்வீர்கள்? பதினைந்து வயதில் "என்னைப் பெத்தவ யார்?" என்று கேட்டால்?

அவர் மனைவிக்கு முன்பு மன அழுத்தத்துக்கு சிகிச்சை நடந்திருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். சிகிச்சை எடுத்ததற்காக யாரும் தள்ளவில்லை. எடுத்த டாக்டரிடம் கடிதம் மட்டும் கேட்டார்கள். இதற்கு மேல் குறைந்தது பத்து மணி நேரம் பெற்றோர் பயிற்சி, அது அங்கே கட்டாயம். என்னைக் கேட்டால் சொந்தமாகப் பெற்றுக்கொள்பவர்களுக்கும் இதில் பாதியாவது வைக்கலாம். பிரசவ வார்டில் வேலை பார்ப்பவன் சொல்கிறேன்.

இதெல்லாம் முடிந்தபிறகுதான் குழந்தையின் மருத்துவ அறிக்கை வரும். பிறகு காராவின் தடையில்லாச் சான்று, மாவட்ட ஆட்சியரின் தத்து உத்தரவு, பாஸ்போர்ட், விசா. 2022 செப்டம்பர் வரை உத்தரவைக் கோர்ட் கொடுத்தது, இப்போது ஆட்சியர் கொடுக்கிறார். பிள்ளை அங்கே போனபிறகும் இரண்டு வருடம் எப்படி இருக்கிறது என்று அறிக்கை அனுப்பியாக வேண்டும்.

"இவ்வளவு காயிதம் எரிச்சலா இல்லையா?" என்று கேட்டேன்.

"அவங்க கேக்குறதுல ஒண்ணும் தப்பில்ல சார். முன்னப்பின்ன தெரியாத ஒருத்தனுக்கு ஒரு உசுரைக் குடுக்கப்போறாங்க. எங்களுக்கு ஊர்ல இருந்து வர்ற போன்தான் தாங்கல."

இவ்வளவு காகிதம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய கதை. நடந்த கதை.

1980களில் நம் குழந்தைகளை வெளிநாட்டுக்கு அனுப்புவதில் நடக்கும் முறைகேடுகள் பற்றி லட்சுமி காந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டு 1984இல் நீதிபதி பகவதி அமர்வு விதிமுறைகளை வகுத்தது. 1990இல் காரா வந்தது. 2003இல் நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கான ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்தது.

இத்தனைக்கும் நடுவில்தான் நம் சென்னையில் அது நடந்தது. 1990களின் கடைசியில் ஏழைகள் குடியிருக்கும் தெருக்களில் விளையாடிக்கொண்டிருந்த, தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகள் காணாமல் போனார்கள். பெற்றவர்கள் ஸ்டேஷன் ஸ்டேஷனாக அலைந்தார்கள். 2005இல் விஷயம் வெடித்தபோதுதான் தெரிந்தது, கடத்தப்பட்ட பிள்ளைகள் ஒரு தத்து நிறுவனத்துக்கு விற்கப்பட்டு, "தாயே ஒப்படைத்தார்" என்ற பொய்க் காகிதத்தோடு ஆஸ்திரேலியா, நெதர்லாந்து, அமெரிக்கா என்று போயிருக்கிறார்கள். சென்னையின் ஒரு ஏழைத் தம்பதி நெதர்லாந்து நீதிமன்றம் வரை போய் வழக்கு நடத்தினார்கள்.

இதில் என்னைத் தூங்கவிடாத விஷயம் ஒன்று உண்டு. அங்கே பிள்ளையை வாங்கிய பெற்றோரும் நம் தம்பி மாதிரிதான் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி, வருடக்கணக்கில் காத்திருந்து, முறைப்படி எடுத்ததாகத்தான் நம்பினார்கள். அதிகாரிகள் போட்ட முத்திரையும் அசல் முத்திரைதான். முதல் காகிதம் மட்டும் பொய்.

அந்த முதல் காகிதம் எங்கே எழுதப்படுகிறது? இந்த மாதிரி ஒரு ஆஸ்பத்திரியில், ராத்திரி மூணு மணிக்கு, பிரசவ வார்டு மேஜையில். எழுதுவது என்னை மாதிரி ஒருத்தன், இல்லையென்றால் ஒரு சிஸ்டர். டெல்லியில் இருக்கும் அதிகாரியோ அமெரிக்கத் தூதரகமோ பிள்ளை பிறந்ததைப் பார்த்ததில்லை. நான் எழுதியதைத்தான் பார்க்கிறார்கள்.

எங்கள் ஆட்கள் யோக்கியம் என்று மார் தட்ட வரவில்லை. 2019இல் ராசிபுரத்தில் ஒரு நர்ஸ் போனில் குழந்தைக்கு ரேட் பேசிய ஆடியோ ஊர் முழுக்கச் சுற்றியது. 2021இல் மதுரையில் ஒரு காப்பகம், கொரோனாவில் இறந்துவிட்டதாகக் கணக்குக் காட்டிய குழந்தை வேறொரு வீட்டில் உயிரோடு கிடைத்தது. 2023இல் திருச்செங்கோட்டில் குழந்தை விற்பனைப் புகாரில் கைதானது ஒரு அரசு மருத்துவர். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மூன்று ஊரிலும் வாங்கப் பணத்தோடு காத்திருந்தவர்கள் இல்லாமல் விற்றவர்கள் வந்திருப்பார்களா? நீங்கள் நர்ஸை மட்டும் திட்டிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டீர்கள்.

"வேண்டாம்னு விட்டுட்டுப் போற புள்ள" என்றார் பெரியம்மா. அதற்கும் பதில் சொல்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகும் ஒரு பெண். ஆறு மாதக் கர்ப்பத்தில் புருசன் இறந்துவிட்டார். வீட்டில் ஏற்கனவே ரெண்டு பிள்ளைகள். பிரசவம் முடிந்து மறுநாள், "என்னால முடியாது சார், எங்கயாச்சும் குடுத்திருங்க" என்றாள். ஒரு சொல் திட்டவில்லை. 1098க்கு அழைத்தோம். குழந்தைகள் நலக் குழு முன்னால் ஒப்படைப்புப் பத்திரம் எழுதினாள். ரகசியம் காக்கப்படும், அவள் மேல் வழக்கு எதுவும் கிடையாது. சட்டம் அவளுக்கு அறுபது நாள் கொடுக்கிறது, மனசு மாறினால் திரும்ப வாங்கிக்கொள்ள.

நாற்பது நாள் கழித்து வந்தாள். பால் கட்டி வலித்துக்கொண்டே இருக்கிறது, தூங்க முடியவில்லை, அம்மா வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள், பிள்ளை வேணும் என்றாள். வாங்கிக்கொண்டு போனாள். போன மாதம் தடுப்பூசிக்குத் தூக்கிக்கொண்டு வந்தபோது அந்தப் பயல் என் ஸ்டெத்தைப் பிடித்து இழுத்துவிட்டான்.

உங்கள் "பேரை மட்டும்" நடந்திருந்தால் நாலு மணி நேரத்தில் பிள்ளை கைமாறியிருக்கும். நாற்பதாவது நாள் அவள் யாரிடம் வந்து கேட்பாள்? "உனக்குப் பிரசவமே ஆகலையேம்மா, ரெக்கார்டு இல்லையே" என்று நான் சொல்ல வேண்டியிருக்கும்.

பொய்ச் சான்றிதழ் அமெரிக்கா வரை ஓடவும் ஓடாது. சந்தேகம் வந்தால் விசாவுக்கு டிஎன்ஏ கேட்பார்கள். அப்போது பிள்ளை பெற்றவளிடமும் இல்லை, வளர்க்க வந்தவளிடமும் இல்லை. விடுதிக்குப் போகும்.

இன்னொரு விஷயம், இது கொஞ்சம் கோபமாகவே வரும்.

தத்துக்கான வரிசை நீளம் என்கிறீர்கள். உண்மைதான், ஆரோக்கியமான, ரெண்டு வயசுக்குக் கீழே உள்ள பிள்ளை வேண்டும் என்று நிற்கும் வரிசை நீளம். உதடு பிளந்த பிள்ளை, கால் பாதம் உள்பக்கம் வளைந்த பிள்ளை, ஆறு வயசுப் பிள்ளை இவர்களுக்கு வரிசையே இல்லை. சட்டப்படி இந்தியக் குடும்பங்களுக்குத்தான் முதல் வாய்ப்பு. நாம் வேண்டாம் என்று தள்ளிய பிறகுதான் வெளிநாட்டுக்காரர்களுக்குப் போகிறது.

நம் தம்பிக்கும் ஒரு படிவம் வந்தது. எந்தெந்தக் குறை இருந்தால் ஏற்பீர்கள் என்று டிக் போட வேண்டும். அவர் மனைவி என்னிடம் வளைந்த பாதம் பற்றிக் கேட்டார். சொன்னேன்: வாராவாரம் மாவுக்கட்டு மாற்றிப் போட்டால் ஐந்தாறு கட்டில் பெரும்பாலும் நேராகிவிடும். பலருக்குக் குதிகால் நரம்பில் சின்னதாக ஒரு வெட்டு தேவைப்படும். பிறகு மூன்று மாதம் நாள் முழுக்கவும், அதன்பின் நாலைந்து வயது வரை தூங்கும்போதும் ஒரு ஷூ மாட்ட வேண்டும். விடாமல் மாட்டினால் பிள்ளை ஓடும். நம் அரசு மருத்துவமனைகளிலேயே இலவசமாகச் செய்கிறோம். அன்னம் பிளந்ததற்கும் அறுவை சிகிச்சை முதல்வர் காப்பீட்டில் உண்டு.

அவர்கள் டிக் போட்டார்கள்.

இதைச் சொன்னதும் பெரியம்மா கேட்டது: "நொண்டிப் புள்ளையவா?"

பெரியம்மா, உங்கள் சுகரை நான் முப்பது வருசத்துக்கு மாத்திரை போட்டுத்தான் பார்க்கப்போகிறேன், அதற்காக உங்களை யாரும் வீட்டை விட்டுத் தள்ளவில்லை. அந்தக் கால் ஐந்தாறு மாவுக்கட்டில் நேராகும். அது நொண்டிப் பிள்ளை இல்லை, கட்டுப் போட ஆள் இல்லாத பிள்ளை.

தத்தெடுக்க நினைப்பவர்கள் காராவின் இணையதளத்தில் நீங்களே பதியலாம், புரோக்கர் வேண்டாம். தெரியவில்லை என்றால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேளுங்கள். பிள்ளையை வளர்க்க முடியாமல் தவிக்கும் பெண் யாரையாவது தெரிந்தால் 1098க்கு அழையுங்கள், இல்லையென்றால் எந்த அரசு மருத்துவமனைக்கும் கூட்டி வாருங்கள். ராத்திரியானாலும் சரி. அவளைத் திட்டாமல் கூட்டி வாருங்கள்.

பெரியம்மா இதை வாசிக்க மாட்டார். அவர் பேரன் வாசிப்பான், இதே ஊரில்தான் இருக்கிறான். தம்பி, ஆச்சி அன்றைக்குப் பேச்சு மும்முரத்தில் சாப்பிட்ட பிறகு கொடுக்க வேண்டிய ரத்தத்தைக் கொடுக்காமலே போய்விட்டார். திங்கட்கிழமை காலையில் கூட்டி வா.