கெட்ட நிலத்தைச் செடி திருத்துமா?

ஆலைக் கழிவினால் பாழ்பட்ட நிலத்தைச் செடிகளைக் கொண்டே தூய்மை செய்யலாம் என்னும் பேச்சு இந்நாளில் குடியானவர்களிடையே பரவி வருகின்றது. அது பொய்யன்று, ஆயினும் பாதி அறிந்து காரியத்தில் இறங்குவோர் நஷ்டமடைவர்.

சில செடிகள் மண்ணிலுள்ள உலோகங்களையும் நஞ்சுகளையும் வேர்வழியே உறிஞ்சித் தழையில் சேர்க்கின்றன. அமெரிக்காவின் புளோரிடாவில் கண்ட ஒரு பெரணி, தன் உலர்ந்த எடையில் நூற்றுக்கு 2 பங்குக்குமேல் ஆர்ஸெனிக் என்னும் பாஷாணத்தைத் தாங்கவல்லது என்று 2001-இல் வெளியாயிற்று. இத்தகைய செடிகள் வெகு சில. சாதாரணப் பயிரின் கணக்கோ வேறு. ஓர் ஏக்கரின் மேல்மண் ஏறத்தாழ 10 லட்சம் கிலோ. கிலோவுக்கு 100 மில்லிகிராம் உலோகமிருப்பின் மொத்தம் 100 கிலோ. உலர்ந்த தழை 4 டன் விளைந்து, அதுவும் கிலோவுக்கு 100 மில்லிகிராமே ஏற்குமாயின், ஓர் அறுவடையில் அகலுவது 400 கிராம். 250 அறுவடை வேண்டும்!

பாலாற்றுப் பக்கத்தில் வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை முதலிய இடங்களில் தோல் பதனிடும் கழிவால் நிலத்தில் சேர்ந்தவை முக்கியமாக உப்பும் குரோமியமும். உமரி போன்ற உவர்நிலச் செடிகள் உப்பை இலையில் ஏற்கும். அறுத்து அகற்றினால் அவ்வளவு உப்பு குறையும். குரோமியமோ பெரும்பாலும் வேரிலேயே தங்கிவிடுகின்றது. அங்கே சவுக்கு போன்ற மரங்களை வைத்து, அம்மண்ணைக் காற்றும் மழையும் வாரிச் செல்லாமல் நிறுத்துவதே தக்கதென்பது எமது அபிப்பிராயம். கழிவுநீர் வரத்து நிற்காத நிலத்தில் எதை நட்டும் பயனில்லை என்று சொல்லவும் வேண்டுமோ?

செடி உலோகத்தை அழிப்பதில்லை; இடம் மாற்றுகின்றது. அறுத்த தழையை மடக்கி உழுதால் எடுத்தது திரும்பவும் மண்ணுக்கே போம். ஆட்டுக்கும் இடலாகாது. கடுகும் சூரியகாந்தியும் உலோகம் ஏற்பவை எனக் கேட்டு, நிலமும் திருந்தும், எண்ணெயும் கிடைக்கும் என்று கருதுவோர் உளர். அவ்வாசையை விட்டொழிக்க வேண்டும். பட்டணத்துச் சாக்கடை நீரில் கீரை விளைவிப்போர், தாம் அறியாமலே இந்த வைத்தியத்தைச் செய்து, அதன் கழிவைச் சந்தைக்கு அனுப்புகின்றனர்; காட்மியம் கீரையிலையில் எளிதில் ஏறுவது.

கெடுத்தவரே சீராக்கும் செலவை ஏற்கவேண்டுமென்று உச்சநீதிமன்றம் 1996-இல் வேலூர்த் தோல் தொழில் வழக்கில் தீர்ப்பளித்தது. மரம் முதிரும் ஆண்டுகளில் குடியானவன் இழக்கும் வெள்ளாமையின் மதிப்பும் அச்செலவில் அடங்கவேண்டும். 2 ஏக்கரே உடையவனை, நெல்லை விட்டுச் சவுக்கு வைத்து 5 ஆண்டு பொறு என்பது எளிது. அதுவரை அவன் வீட்டு உலைக்கு அரிசி ஏது?

நடக் கருதுவோர் முதலில் மண்ணையும் கிணற்று நீரையும் பரிசோதனைக்கு அனுப்புவாராக. வழக்கமான பரிசோதனை தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பற்சத்து, உவர்நிலை ஆகியவற்றையே பெரிதும் காட்டும்; உலோகங்களின் அளவைத் தனியே கேட்டுப் பெறுதல் வேண்டும்.