அட்டையில் இரண்டு கறுப்புகள்

மறைந்த மூத்த வாசகர் ஒருவரின் நினைவாக ஆலங்குளத்தில் நாங்கள் சிலர் சேர்ந்து சிறு தொகுப்பொன்றைக் கொண்டுவந்தோம். குற்றாலத்தில் இரவில் எடுத்த அவருடைய வண்ணப்படம் அட்டையில். கணினித் திரையில் படத்தின் இருளும் நாங்கள் சேர்த்த பின்னணியும் ஒன்றாகவே தெரிந்தன. அச்சாகி வந்தபோது பின்னணி சாம்பலாய் வெளிறி, அவர் முகத்தைச் சுற்றி ஒரு சதுரம் துருத்தி நின்றது, கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியைப் போல.

“உள்ளே இருப்பதுதானே இலக்கியம்?” என்றனர் நண்பர்கள். இந்த அலட்சியத்தைத்தான் மறுக்கிறோம்.

அச்சகத்தைக் குறைசொல்ல வழியில்லை. பிழை எங்கள் கோப்பில் இருந்தது. படத்தின் இருள் நான்கு மைகளும் கலந்தது. பின்னணிக்கு நாங்கள் கொடுத்ததோ வெறும் 100 சதவீதக் கறுப்பு மை. பரந்த பரப்பில் ஒற்றை மை ஆழம் தராது. சயான் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40 சதவீதம் அதனடியில் சேர்ந்தால்தான் கறுப்பு கறுப்பாகும். அதற்காக நான்கையும் நூறு நூறாக ஏற்றினால் மை காயாது, அடுத்த தாளின் முதுகில் ஒட்டும். ஆர்ட் பேப்பருக்கே மொத்தம் 300 சதவீதத்தை ஒட்டி நிறுத்துவார்கள். மேப்லித்தோவுக்கு இன்னும் குறைவு. சிறிய எழுத்துக்கோ கறுப்பு மை மட்டுமே போதும்; ரிஜிஸ்டர் இம்மி விலகினாலும் எழுத்தோரம் வண்ணம் கசியும்.

சிறுபத்திரிகை மரபு எளிமையின் மரபு என்று வாதிடுவோர் உண்டு. 1959இல் ‘எழுத்து’ தொடங்கிய சி.சு. செல்லப்பா வண்ண அட்டையை நாடவில்லை. ஆதிமூலத்தின் கோட்டோவியங்கள் ஒற்றைக் கறுப்பிலேயே உயிர்த்தன. கோட்டுக்கு அது போதும். நாமோ நான்கு வண்ண அட்டைக்குப் பணம் கொடுத்துவிட்டோம். நான்கு பிளேட்டுகளும் ஏற்கெனவே இருக்கின்றன. ஆழமான கறுப்புக்குத் தனிப் பிளேட்டு வேண்டாம். கவனம் மட்டுமே வேண்டும். இதில் எளிமை எங்கே இருக்கிறது? சோம்பல்தான் இருக்கிறது.

சிவகாசிக் காலண்டர்களை ‘வெகுசன ரசனை’ என்று எள்ளுகிறோம். அந்தக் காலண்டரில் கண்ணனின் கூந்தலுக்கு வாய்க்கும் கருமை, நம் எழுத்தாளர்களின் முகத்துக்கு வாய்ப்பதில்லை. ஒற்றுப்பிழைக்கு ஒரு வாரம் சண்டையிடும் நாம், ஒரு மனிதரின் முகம் பிழையாக அச்சேறும்போது ஏன் வாய்மூடி இருக்கிறோம்?

கறுத்த மனிதர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் நாம். இனி அட்டைக் கோப்பை அனுப்புமுன் ஒவ்வொரு கறுப்பிலும் என்னென்ன மை எவ்வளவு என்று பார்ப்போம். அச்சிடும் தாளிலேயே ஒரு புரூஃப் கேட்போம். அவருக்கு நாங்கள் செய்யத் தவறியது அவ்வளவுதான்.