கடைமடைக்குத் தண்ணீர் போன கதை



சென்ற இதழில் வந்த குளங்கள் பற்றிய கட்டுரையைப் படித்துவிட்டு அம்பாறை மாவட்டத்து வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருந்தார். குளம் கட்டியவர்களைப் பற்றி எல்லோரும் எழுதுகிறீர்கள், அந்தத் தண்ணீரைப் பங்கு போட்டவர்களைப் பற்றி ஏன் ஒருவரும் எழுதுவதில்லை என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. கடிதப் பகுதியில் இரண்டு வரியில் பதில் சொல்லி முடிக்க மனம் வரவில்லை. இந்த மாதம் ஆசிரியர் பக்கம் முழுவதும் அவருக்கே.

அவருடைய மாவட்டத்திலிருந்தே தொடங்குகிறேன். பட்டிப்பளை ஆற்றை மறித்து இங்கினியாகலையில் அணை எழும்பியது 1949க்கும் 1951க்கும் இடையில். சுதந்திர இலங்கை தொடங்கிய முதல் பெரிய நீர்ப்பாசனத் திட்டம் இது. அணையைக் கட்டியது மொறிசன் நுட்சன் என்ற அமெரிக்க நிறுவனம். தேங்கிய நீருக்குச் சேனநாயக்க சமுத்திரம் என்று பெயர் சூட்டினார்கள். திட்டத்தை நடத்தக் கல்லோயா அபிவிருத்திச் சபை என்று ஒரு தனிச் சபையே அமைந்தது. காட்டை வெட்டி, வாய்க்கால் வெட்டி, வெளி மாவட்டங்களிலிருந்து பெருந்தொகையான சிங்களக் குடும்பங்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். சுதந்திரத்துக்குப் பின்னரான முதல் இனக்கலவரம் 1956இல் மூண்டபோது இந்தப் பள்ளத்தாக்கும் எரிந்தது. 1961இல் மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து அம்பாறையைத் தனி மாவட்டமாகப் பிரித்தார்கள். இதையெல்லாம் ஒரு பக்கம் வைத்துவிட்டுத் தண்ணீரைப் பற்றி மட்டும் பேசுகிறேன் என்று தமிழ் இதழ் ஒன்றின் ஆசிரியர் சொன்னால் நீங்கள் நம்பப்போவதில்லை. நானும் அப்படிச் சொல்லவில்லை. இனிச் சொல்லப்போகும் சம்பவத்தின் பெறுமதி இந்தப் பின்னணி தெரிந்தவர்களுக்குத்தான் முழுதாகப் புரியும்.

அணை கட்டி இருபது ஆண்டுகள் ஆவதற்குள் கணக்குப் பார்க்க வேண்டி வந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துப் புவியியலாளர் பி. எச். ஃபார்மர் தலைமையில் ஒரு மதிப்பீட்டுக் குழு அமைந்தது. 1970இல் வெளியான அதன் அறிக்கை சொன்னது, சுருக்கமாக, போட்ட காசுக்கு வரவு இல்லை என்பதுதான். அந்த அறிக்கையையும் நம் வழக்கப்படி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினோம்.

1970களின் இறுதியில் கல்லோயா இடதுகரை எந்த நிலையில் இருந்தது என்பதை, வயலில் நின்றவர்கள் சொன்னால்தான் நம்பமுடியும். கதவுகள் உடைந்தும் களவுபோயும் கிடந்தன. வாய்க்கால் கரைகள் சரிந்து, மண் அடைந்து, நடுவில் புல் முளைத்திருந்தது. திணைக்களத்துக் கணக்கில் இருந்த வயல் ஒரு அளவு, உண்மையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த வயல் அதைவிடக் கூடிய அளவு. தலைமடையில் வயல் வைத்திருந்தவருக்குத் தண்ணீர் முழங்கால் அளவு நிற்கும். கடைமடைக்காரருக்கு ஈரம் காட்டிவிட்டுப் போகும். இடதுகரையின் தலைமடையில் பெரும்பாலும் சிங்களக் குடியேற்றவாசிகள், கடைமடையில் பெரும்பாலும் தமிழ் பேசும் மக்கள். இந்த அமைப்பில் ஒரு கதவு ஒரு நாள் கூடுதலாகத் திறந்திருந்தாலே அது இனப் பிரச்சினை ஆகிவிடும்.

தலைமடைக்காரர் பேராசை பிடித்தவர் என்றுதான் கடைமடையில் இருப்பவர் சொல்வார். அவர் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் தலைமடைக்காரரிடம் போய்க் கேட்டால் வேறு நியாயம் வரும். அடுத்த தண்ணீர் எப்போது வரும் என்று அவருக்கும் தெரியாது. திணைக்களம் சொன்ன திகதியில் கதவு திறந்தது கிடையாது. அதனால் வந்த தண்ணீரை வயலிலேயே தேக்கி வைத்துக்கொள்கிறார். வயலில் தண்ணீர் நின்றால் களையும் முளைக்காது, களை பிடுங்கக் கூலி மிச்சம். நிச்சயமில்லாத தண்ணீரை எல்லோரும் பதுக்கத்தான் செய்வார்கள். எந்த வாய்க்காலைச் செப்பனிட எவ்வளவு சீமெந்து வேண்டும் என்று கணக்கிட்ட பொறியியலாளர்களுக்கு இந்த விஷயம் அகப்படவில்லை. அது அவர்கள் அளக்கப் பழகிய பொருளும் அல்ல.

அகப்பட்டது கொழும்பிலுள்ள ஓர் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு. 1972இல் தொடங்கிய கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகம் அது. இன்று அதன் பெயருக்கு முன்னால் ஹெக்டர் கொப்பேகடுவவின் பெயர் சேர்ந்திருக்கிறது. அமெரிக்க உதவியோடு கல்லோயா நீர் முகாமைத்துவத் திட்டம் தொடங்கியபோது, கோர்னெல் பல்கலைக்கழகத்து அரசறிவியலாளர் நோர்மன் அப்ஹொஃப் இந்த நிறுவகத்தோடு சேர்ந்து வேலை செய்தார். விவசாயிகளை அமைப்பாகச் சேர்க்கும் பொறுப்பு இவர்களுடையது. திட்டத்தின் பெரும் பணம் மண்வேலைக்கும் கொங்கிறீற்றுக்கும் போனது. இவர்கள் பகுதிக்குக் கிடைத்தது சின்னத் தொகை.

1981 மார்ச்சில் முப்பதுக்குச் சற்று மேற்பட்ட இளைஞர் யுவதிகளை அமைப்பாளர்களாக வாய்க்கால் கரைக்கு அனுப்பினார்கள். எல்லோரும் வேலை கிடைக்காமல் இருந்த பட்டதாரிகள். கிராமத்திலேயே தங்க வேண்டும். போன உடனே கூட்டம் போடக்கூடாது, சங்கம் தொடங்கக்கூடாது, தலைவர் செயலாளர் தெரிவு கூடவே கூடாது. முதலில் வீடு வீடாகப் போய்ப் பேச வேண்டும். ஒரே வயல்வாய்க்காலில் நீர் பாய்ச்சும் பத்து இருபது பேரும் தங்களுக்குள் ஒரு வேலையை முடித்துக் காட்ட வேண்டும். அதன் பிறகு தேவைப்பட்டால் ஒரு பிரதிநிதியைத் தெரிவு செய்யலாம், அதுவும் வாக்கெடுப்பு இல்லாமல் எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒருவரை. அவருக்குச் சம்பளம் கிடையாது. சங்கம் என்றதும் பலகை எழுதி, ரசீதுப் புத்தகம் அடித்து, மூன்றாம் மாதமே கோஷ்டி பிரிந்து நிற்கும் நம் ஊர் வழக்கத்தை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு புத்தியான ஏற்பாடு என்று விளங்கும்.

அந்த ஆண்டு வானம் பொய்த்திருந்தது. சமுத்திரத்தில் கால்வாசித் தண்ணீர்தான். முதல் பரிசோதனைக்கு இதைவிட மோசமான ஆண்டு கிடைத்திருக்காது. நடந்தது என்ன தெரியுமா? சில வாரங்களுக்குள் பெரும்பாலான விவசாயிகள் மண்வெட்டியோடு இறங்கிப் பல ஆண்டுகளாகத் தூர்ந்து கிடந்த வயல்வாய்க்கால்களைச் சிரமதானம் செய்து துப்புரவாக்கினார்கள். முறை வைத்து நீர் பாய்ச்சத் தொடங்கினார்கள். மூன்றாவதாகச் செய்ததுதான் யாரும் எதிர்பார்க்காதது. தங்கள் முறைக்கு வந்த தண்ணீரில் மிச்சம் பிடித்து, கதவை மூடி, கீழே இருந்தவர்களுக்கு விட்டுக்கொடுத்தார்கள். தலைமடைச் சிங்கள விவசாயி விட்ட தண்ணீர் கடைமடைத் தமிழ் விவசாயியின் வயலுக்குப் போனது. 1956ஐ அறிந்த பள்ளத்தாக்கில், 1983 இனக்கலவரத்துக்கு இரண்டு ஆண்டு முன்னால்.

இதை வைத்து யாரையும் புனிதராக்க எனக்கு விருப்பமில்லை. குடியேற்றத்தின் அரசியல் அப்படியே இருந்தது, இருக்கிறது. ஆனால் ஒருவருடைய வரம்பில் நின்று அடுத்தவருடைய காய்ந்த வயலைக் கண்ணால் காண்பது வேறு, பத்திரிகையில் படிப்பது வேறு. அமைப்பாளர்கள் செய்தது பெரும்பாலும் அதுதான். மேலே இருப்பவர்களைக் கீழே கூட்டிப்போய்க் காட்டினார்கள்.

அடுத்த சில ஆண்டுகளில் ஒரு ஏக்கருக்குத் திறந்துவிட வேண்டியிருந்த நீர் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததாக அப்ஹொஃப் பதிவு செய்திருக்கிறார். 1992இல் இதைப் பெரிய புத்தகமாகவே எழுதினார். 1988இல் விவசாயிகளின் பங்கேற்புடன் நீர்ப்பாசனத்தை நடத்துவது அரசின் கொள்கையாகவே ஏற்றுக்கொள்ளப்பட்டது. அப்ஹொஃப் பிறகு மடகஸ்கார் போய், அங்கே லொலானியே என்ற பாதிரியார் உருவாக்கிய ஒற்றை நாற்று நடவு முறையை உலகெங்கும் கொண்டுசென்றார். தமிழ்நாட்டில் செம்மை நெல் சாகுபடி என்று பரவியது அதுதான்.

அமைப்பாளர்கள் போன பிறகு எல்லாம் கலைந்திருக்கும் என்று நினைப்பீர்கள். 1997 சிறுபோகத்தில் சமுத்திரத்தில் நெல் செய்யப் போதிய நீர் இல்லை என்று திணைக்களம் அறிவித்தது. விவசாயிகளின் அமைப்புகள் அதை ஏற்கவில்லை. இருக்கிற நீரை நாங்கள் பங்கிட்டுக்கொள்கிறோம் என்று பொறுப்பெடுத்தார்கள். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. சிங்கள விவசாயிகளும் தமிழ் பேசும் விவசாயிகளும் நீரைப் பகிர்ந்து, சராசரிக்கு மேலான விளைச்சலை எடுத்தார்கள். அப்ஹொஃபும், கமநல ஆராய்ச்சி நிறுவகத்தில் இந்த வேலைக்கு முன்னின்ற விஜயரத்னவும் 2000ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை இதைப் பற்றியதே.

இனி என் கோபத்தைச் சொல்கிறேன். இவ்வளவையும் தொடக்கிவைத்த அந்த இளைஞர் யுவதிகளுக்கு என்ன கிடைத்தது? நிரந்தர நியமனம் இல்லை. தற்காலிகச் சம்பளத்தில் வேலை செய்தார்கள். ஆசிரியர் நியமனம் வந்ததும் ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? நிரந்தர வேலைக்காகக் காத்திருந்த பிள்ளைகள். ஒவ்வொரு தொகுதி போகும்போதும் புதிதாக ஆள் எடுத்துப் புதிதாகப் பழக்க வேண்டியிருந்தது. அணைக்கு அடிக்கல் நாட்ட அரசிடம் எப்போதும் காசு இருக்கிறது. அந்த அணையின் தண்ணீர் ஒழுங்காகப் போய்ச்சேர வழி செய்தவர்களுக்கு ஒரு நிரந்தரப் பதவியை உருவாக்க மட்டும் காசில்லை. வாக்குக் கேட்கப் போகிறவர் அணையைக் காட்டலாம், துப்புரவான வயல்வாய்க்காலைக் காட்ட முடியாது.

ஆராய்ச்சியைக் கேட்டு நடந்ததற்குக் கல்லோயா ஓர் உதாரணம். கேளாமல் நடந்ததற்கு உதாரணம் தேடி நாம் தூரம் போக வேண்டியதில்லை. தேர்தல் அறிக்கையில் பத்து ஆண்டுகளில் படிப்படியாக இயற்கை விவசாயத்துக்கு மாறுவோம் என்றார்கள். 2021 மே மாதத்தில் ஒரே வர்த்தமானியில் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்கள். மண்ணியல் படித்தவர்களும் பயிர்செய்கை படித்தவர்களும் எச்சரித்தார்கள், யாரும் காது கொடுக்கவில்லை. நவம்பரில் தடை தளர்ந்தபோது பெரும்போகம் விதைத்தாயிற்று. அடுத்த அறுவடையில் வயலில் கிடைத்ததும் கடையில் அரிசி விற்ற விலையும் உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். இயற்கை உரத்தை நான் எதிர்க்கவில்லை. கமக்காரரைக் கேளாமல் போடுகிற எந்த உத்தரவையும் எதிர்க்கிறேன்.

சிறுபோக ஆரம்பக் கூட்டம் ஒன்றில் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். முன்னால் அதிகாரிகளுக்குத் துணி விரித்த மேசை. முதல் நீர் திறக்கும் திகதி, விதைப்பு முடிக்கும் திகதி, மூன்று மாத நெல்லா மூன்றரை மாத நெல்லா, மாடுகளை வயற்பகுதியிலிருந்து வெளியேற்றும் திகதி என்று வரிசையாக வாசித்தார்கள். வாசித்து முடித்ததும் கை தூக்கச் சொன்னார்கள். மாடுகளைப் பற்றி மட்டும் அரைமணி நேரம் வாக்குவாதம் நடந்தது. தண்ணீர்த் திகதி பற்றி ஒருவரும் பேசவில்லை. மண்டபத்தில் நூற்றுக்கு மேற்பட்ட ஆண்கள் இருந்தார்கள். பெண்களை விரல்விட்டு எண்ணலாம். நாற்று நடுவதும் களை பிடுங்குவதும் அவர்கள்தான். ஆனால் காணி உத்தரவுப் பத்திரம் கணவர் பெயரிலோ அண்ணன் பெயரிலோ இருந்தால் கூட்டத்தில் குரல் எங்கிருந்து வரும்? 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வாரிசு வரிசையில் ஆண்களுக்கே முதலிடம் கொடுத்து, நீண்ட காலம் அப்படியே இருந்தது. கல்லோயாவைப் புகழ்ந்து எழுதியவர்கள்கூட இந்தப் பக்கத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை.

இந்த இதழின் உள்ளே, முன்பு வயல்களுக்கு நீரைப் பங்கிட்ட வட்டை விதானைமார் பற்றிய கட்டுரையைத் தவறவிடாதீர்கள். 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டம் அந்தப் பதவியை இல்லாமல் செய்தபோது, அவர்களின் அதிகாரத்தோடு அவர்கள் கையிலிருந்த நீர் முறையும் எப்படிப் போனது என்று எழுதியிருக்கிறார் நம் நீண்டகால எழுத்தாளர் ஒருவர். அவருடைய முடிவோடு எனக்குச் சில இடங்களில் உடன்பாடில்லை. விதானைமாரில் பெருநிலக்காரரான போடியாரின் வாய்க்காலை முதலில் நிரப்பியவர்களும் இருந்தார்கள். ஆனாலும் அச்சிட்டிருக்கிறோம். படித்துவிட்டு நீங்களே சண்டை போடுங்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆரம்பக் கூட்டத்துக்குக் கட்டாயம் போங்கள். வீட்டில் வயல் வேலை பார்க்கும் பெண்களையும் கூட்டிப்போங்கள். தண்ணீர்த் திகதி வாசிக்கும்போது எழுந்து, சென்ற போகத்தில் எந்தத் திகதியில் உண்மையில் தண்ணீர் வந்தது என்று கேளுங்கள். என்ன பதில் கிடைத்தது, உங்கள் வாய்க்காலில் நீரை யார் எப்படிப் பங்கு போடுகிறார்கள் என்பதை ஒரு தாளில் எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். எழுத்துப் பிழை பற்றிக் கவலை வேண்டாம், திருத்துவதற்கு நாங்கள் இருக்கிறோம். வரும் கடிதங்களை அடுத்தடுத்த இதழ்களில் தொடர்ந்து வெளியிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்